மகன் குரல், முதலாளி முகம்: ஏஐ மோசடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பெரியவர்களின் போனை நினைத்துக் கவலைப்படுபவர்களும், சிறு நிறுவனங்களில் கணக்கு பார்ப்பவர்களும், பணத்தை இழந்துவிட்டுப் பதறிப்போய்த் தேடுபவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் இதை இப்போது படிக்க வேண்டாம். முதலில் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். அழைத்தவுடன் என்ன கேட்பார்கள் என்பது ‘பணம் போய்விட்டது’ என்ற கேள்வியில் இருக்கிறது.

ஏஐ வந்த பிறகு மோசடியில் உண்மையில் எது மாறியிருக்கிறது?

கதை மாறவில்லை. விபத்து, போலீஸ், பார்சலில் போதைப்பொருள், இரட்டிப்பு லாபம், அவசரமாகப் பணம் அனுப்பச் சொல்லும் முதலாளி எல்லாம் பழைய சரக்கு. நடிப்புதான் மெருகேறியிருக்கிறது. முன்பு மெயிலைப் படித்தாலே கொச்சை ஆங்கிலம் காட்டிக்கொடுத்துவிடும், தமிழில் வந்தால் இன்னும் சிரிப்பாக இருக்கும். இப்போது பிழையில்லாத தமிழில், உங்கள் பெயர், ஊர், வங்கிக் கிளை எல்லாம் சேர்த்து வருகிறது. எங்கோ கிடந்து கசிந்த தரவுப் பட்டியலைக் கொடுத்தால் ஆயிரம் பேருக்கு ஆயிரம் விதமாகக் கடிதம் எழுதிவிடலாம். அதற்கு ஆள் பலம் தேவையில்லை.

மோசடிக்காரனுக்கு இன்னும் மாறாத ஒரு தலைவலி உண்டு. பணம் ஏதோ ஒரு வங்கிக் கணக்கில் வந்து விழுந்தாக வேண்டும். கமிஷனுக்கு ஆசைப்பட்டு யாரோ வாடகைக்கு விட்ட கணக்கு அது. அங்கிருந்து சில நிமிடங்களில் நாலைந்து கணக்குக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். எனவே குரல் அசலா, முகம் அசலா என்ற ஆராய்ச்சியைவிடப் பணம் போகும் வழியில் தடை போடுவது சுலபம், பலனும் அதிகம். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும்.

ஒருவர் குரலை நகலெடுக்க எவ்வளவு ஒலிப்பதிவு வேண்டும்?

மூன்று நொடிப் பதிவிலிருந்து குரலைப் போலச் செய்யும் ஏஐ மாதிரியை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டார்கள். நன்றாக ஏமாற்ற வேண்டுமென்றால் இரைச்சல் இல்லாத அரை நிமிடம் இருந்தால் நல்லது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப், கல்யாண வீடியோ, கல்லூரி விழாப் பேச்சு என்று அது எங்கும் கிடைக்கும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்து, ‘ஹலோ’ என்றதும் கட்டாகிறதே, அது குரலைத் திருடத்தானா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு ஹலோவில் பெரிதாக ஒன்றும் தேறாது. எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் தானியங்கி அழைப்பாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

போலிக் குரலில் பேசவைக்க இரண்டு வழிகள் உண்டு. எழுதிய வாசகத்தை நகல் குரலில் வாசிக்கவைப்பது ஒன்று. இதில் கேள்வி கேட்டால் பதில் வரத் தாமதமாகும், தமிழில் எழுத்து நடை எட்டிப்பார்க்கும். மோசடிக்காரன் பேசப் பேச அவன் குரலை இன்னொருவர் குரலாக மாற்றுவது மற்றொன்று. இதில் அழுகை, மூச்சு, இடையில் வெட்டிப் பேசுவது எல்லாம் மனிதனுடையதாகவே இருக்கும். ஆனால் குரல்தான் மாறும், பேச்சுவழக்கு மாறாது. திருநெல்வேலிப் பையன் குரலில் சென்னைத் தமிழோ ஆங்கிலமோ வந்தால், குரல் எவ்வளவு ஒத்துப்போனாலும் லைனைத் துண்டித்துவிடுங்கள்.

அந்த அழைப்பு எப்படி நடக்கும்?

குரலை நகலெடுத்து நடத்தும் நாடகத்தில் அந்தக் குரலுக்குச் சில நொடி வேடம்தான்.

“அப்பா... நான்தான்ப்பா... ஆக்சிடென்ட் ஆயிடுச்சு. அந்தாளுக்குப் பலமா அடிபட்டிருக்கு. போலீஸ் பிடிச்சு வச்சிருக்காங்கப்பா...” அழுகை. உடனே போன் கை மாறும். “சார், இன்ஸ்பெக்டர் பேசுறேன். பையன் வாழ்க்கை வீணாகணுமா? எஃப்ஐஆர் போடறதுக்கு முன்னாடி அந்தப் பார்ட்டிகிட்ட பேசி முடிச்சிடலாம். லைனை மட்டும் கட் பண்ணாதீங்க, அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல.”

ஒவ்வொரு வரியும் யோசித்து வைத்தது. அழுகை இருந்தால் குரலில் உள்ள குறை தெரியாது. போன் சீக்கிரம் கை மாறினால் மகனிடம் கேள்வி கேட்க முடியாது. லைனைக் கட் செய்யாதீர்கள் என்பதுதான் உயிர்நாடி, ஏனென்றால் கட் செய்தால் நீங்கள் மகனுக்கே போன் போட்டுவிடுவீர்கள். தெரியாத எண்ணிலிருந்து வருவதற்கும் காரணம் தயாராக இருக்கும்: “என் போனை வாங்கி வச்சுட்டாங்க.” கேட்கும் தொகை ஒரே நாளில் யுபிஐ-யில் அனுப்பக்கூடிய அளவுக்குள், அதாவது ஒரு லட்சத்துக்குள், இருக்கும். அனுப்பிய சில நிமிடங்களில் இரண்டாவது தொகை கேட்பார்கள். பலருக்கு அப்போதுதான் சந்தேகம் வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். துண்டியுங்கள். மகனின் பழைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். எடுக்கவில்லையா, அறை நண்பர், விடுதி, அலுவலகம் என்று அடுத்தடுத்து அழையுங்கள். இதற்காகவே பிள்ளையின் நண்பர்கள் இரண்டு பேர் எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். எந்தக் காவல் நிலையம் என்று கேட்டுவிட்டு, அந்த நிலைய எண்ணை நீங்களே தேடி அழைக்கலாம், அவசர உதவி எண் 112-லும் கேட்கலாம். கைது செய்தால் உறவினருக்குத் தகவல் சொல்வது போலீசின் கடமை. கூகுள் பேயில் பணம் வாங்கி வழக்கை முடிப்பது அந்தக் கடமையில் சேராது.

வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களே, பயன்படுமா?

பயன்படும், ஒழுங்காக வைத்தால். நாய்க்குட்டி பெயர், குலதெய்வம், சொந்த ஊர் எல்லாம் ஃபேஸ்புக்கில் கிடக்கும், அவை வேண்டாம். சம்பந்தமில்லாத இரண்டு சொற்களைச் சேர்த்து வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாமல் நேரில் சொல்லுங்கள். ஒருமுறை போனில் பயன்படுத்திவிட்டால் மாற்றிவிடுங்கள்.

இதில் கோளாறு எங்கே வருமென்றால், பதற்றத்தில் பெரியவர்களுக்கு அந்தச் சொல்லே நினைவுக்கு வராது, வந்தாலும் “பிள்ளை அழும்போது பாஸ்வேர்டு கேட்கிறதா?” என்று மனசு கேட்காது. அவர்களுக்குக் கேள்விதான் சரிப்படும்: “போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு யார் வந்தாங்க?”, “அத்தை ஆஸ்பத்திரியில இருந்து வந்தாச்சா?” நடக்காத ஒன்றை நடந்ததுபோலக் கேட்பது இன்னும் நல்லது. அசல் மகன், “எந்த ஆஸ்பத்திரி?” என்று திருப்பிக் கேட்பான். போலி ஆள் ஆமாம் போடுவான்.

2024 ஜூலையில் ஃபெராரி நிறுவன அதிகாரி ஒருவருக்குத் தலைமைச் செயல் அதிகாரியின் குரலிலேயே அழைப்பு வந்தது. இத்தாலியின் தெற்கத்தி உச்சரிப்பு உட்பட எல்லாம் பொருந்தியது. அதிகாரி ஒன்றே ஒன்று கேட்டார்: சில நாள் முன்பு நீங்கள் எனக்குப் பரிந்துரைத்த புத்தகம் எது? எதிர்முனை வைத்துவிட்டது.

வீடியோ காலில் முகமே தெரிந்தால் நம்பலாமா?

கூடாது. மூன்று சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

கோழிக்கோடு, 2023 ஜூலை. ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பழைய சக ஊழியர் பெயரில் வாட்ஸ்அப் செய்தி வருகிறது. குடும்பப் படங்கள், பொதுவான நண்பர்களைப் பற்றி விசாரிப்பு. பிறகு, தான் துபாய் விமான நிலையத்தில் இருப்பதாகவும் மும்பையில் உறவினருக்கு அறுவை சிகிச்சை என்றும் 40,000 ரூபாய் கேட்கிறார். இவர் சந்தேகப்பட்டதும் வீடியோ கால் வருகிறது. அரை நிமிடம்கூட இல்லை. திரை நிறைய முகம், உதடு சரியாக அசைகிறது. பணம் போகிறது. அடுத்து 35,000 கேட்டபோதுதான் நண்பரின் பழைய எண்ணுக்கு அழைக்கிறார். புகார் உடனே கொடுத்ததால் கேரள போலீஸ் பணத்தை முடக்கி மீட்டது.

ஹாங்காங், 2024 ஜனவரி. ஆரூப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் கிளை. ரகசியப் பரிவர்த்தனை என்று லண்டன் நிதித் தலைமை அதிகாரி பெயரில் வந்த செய்தியை ஊழியர் முதலில் சந்தேகித்தார். வீடியோ மீட்டிங்கில் சேர்ந்தார். தெரிந்த முகங்கள் பல. சந்தேகம் போய்விட்டது. 5 வங்கிக் கணக்குகளுக்கு 15 தவணையாக 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். அமெரிக்க டாலர் மதிப்பில் சுமார் 2.5 கோடி. கூட்டத்தில் அசல் மனிதர் அவர் ஒருவர்தான். இணையத்தில் கிடைத்த பழைய வீடியோக்களை வைத்து முன்கூட்டியே தயாரித்த பதிவுகள் அவை என்றது போலீஸ். ஊழியரை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள், உத்தரவு போட்டார்கள், முடித்துவிட்டார்கள். உரையாடல் என்று ஒன்று நடக்கவே இல்லை. அதைத்தான் கவனிக்க வேண்டும். நடுவில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பதிவு பதில் சொல்லியிருக்காது.

சிங்கப்பூர், 2025 மார்ச். அதே வகை நாடகம். ஒரு நிறுவனத்தின் நிதி இயக்குநர் ஜூம் கூட்டத்தில் மேலதிகாரியைப் ‘பார்த்து’, 4,99,000 அமெரிக்க டாலர் அனுப்பினார். மறுபடி 14 லட்சம் டாலர் கேட்டதும் உஷாராகி வங்கியிடமும் போலீசிடமும் போனார். சிங்கப்பூர், ஹாங்காங் போலீஸ் சேர்ந்து மொத்தத்தையும் மீட்டுவிட்டன. ஆரூப் ஊழியரும் இவரும் ஏமாந்த விதம் ஒன்றுதான். வித்தியாசம் எவ்வளவு சீக்கிரம் கண்டுகொண்டார்கள் என்பதில் இருக்கிறது.

முகத்தைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள், முகத்துக்குக் குறுக்கே கையை அசைக்கச் சொல்லுங்கள் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. மலிவான மென்பொருளில் விளிம்பு கலையும், உண்மைதான். நல்ல மென்பொருளில் கலையாது. ஆகவே கலைந்தால் போலி என்று முடிவெடுக்கலாம். கலையவில்லை என்பதை வைத்து அசல் என்று முடிவெடுக்க முடியாது.

சின்ன நிறுவனம். அக்கவுன்ட்ஸில் இரண்டே பேர். என்ன செய்வது?

இரண்டு பேர் போதும். வங்கியின் நெட்பேங்கிங்கில் ‘மேக்கர்–செக்கர்’ வசதியைக் கேட்டு வாங்குங்கள். ஒருவர் பதிவு செய்ய, மற்றவர் ஒப்புதல் தர வேண்டும். முதலாளியே இரண்டு பாஸ்வேர்டையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது நம் பக்கம் சகஜம். அப்படிச் செய்தால் வசதி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஆபத்து அதிகம் உள்ள இடம், சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறியதாக வரும் மெயில். “ஆடிட் நடப்பதால் இந்த மாதம் முதல் புதிய கணக்குக்கு அனுப்பவும்” என்று பழைய இன்வாய்ஸ் வடிவத்திலேயே வரும். மெயில் பெட்டிக்குள் நுழைந்தவன் பழைய கடிதங்களை ஏஐ-யிடம் கொடுத்தால் உங்கள் சப்ளையரின் நடையிலேயே எழுதித் தரும், ‘அண்ணே வணக்கம்’ உட்பட. முகவரியில் ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி வைத்திருப்பார்கள். போனில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. சில சமயம் முகவரி அசலாகவே இருக்கும், ஏனென்றால் அனுப்புவது சப்ளையரின் திருடப்பட்ட மெயில் பெட்டியிலிருந்தே.

இதற்கு விதி ஒன்று போதும். கணக்கு எண் மாற்றம் எந்த வழியில் வந்தாலும், பழைய பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள எண்ணுக்கு நீங்கள் அழைத்து உறுதிசெய்ய வேண்டும். வந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் மோசடிக்காரனே எடுத்து ‘ஆமாம்’ என்பான். உறுதிசெய்த பிறகும் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று அதே பழைய எண்ணில் கேளுங்கள். ஒரு ரூபாய் போட்டதும் திரையில் வரும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம், நிறுவனப் பெயரிலேயே கணக்கு திறந்திருப்பார்கள்.

மெயில் பெட்டியில் தானாக முன்னனுப்பும் விதி ஏதாவது புதிதாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். உள்ளே வந்தவன் முதலில் செய்யும் வேலை அது. டொமைன் பார்ப்பவரிடம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்க்கும் அமைப்புகள்) மூன்றும் போடச் சொல்லுங்கள். டிமார்க் கொள்கை ‘ரிஜெக்ட்’ என்று இருந்தால்தான் உங்கள் பெயரில் மற்றவர் அனுப்பும் மெயில் தடுக்கப்படும். ‘நன்’ (எதுவும் செய்யாதே) என்று விட்டுவிட்டால் வெறும் வேடிக்கை பார்ப்பதோடு சரி.

முதலாளிக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அவசரத்தில் போன் போட்டுத் திட்டினால் உடனே பணம் அனுப்பும் பழக்கம் உள்ள அலுவலகத்தில், உங்கள் குரலில் எவன் திட்டினாலும் பணம் போகும்.

பிழையில்லாத தமிழில் வங்கி மெசேஜ் வருகிறது. அசலா என்று எப்படித் தெரியும்?

எழுத்துப்பிழை பார்த்துக் கண்டுபிடிக்கும் காலம் முடிந்தது. எழுதியது என்ன என்பதை விட்டுவிட்டு, எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எஸ்எம்எஸ் அனுப்புநர் பெயரின் கடைசியில் இப்போது ஒரு கோடும் எழுத்தும் இருக்கும்: விளம்பரத்துக்கு ‘பி’ (P), சேவைக்கு ‘எஸ்’ (S), பரிவர்த்தனைக்கு ‘டி’ (T), அரசுக்கு ‘ஜி’ (G). பத்து இலக்க எண்ணிலிருந்து வங்கி எஸ்எம்எஸ் வராது. வங்கியின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களைப் பயன்படுத்த ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இணைய முகவரியும் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாறியிருக்க வேண்டும் என்பது உத்தரவு. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (திறந்தால் போனில் ஆப்பை நிறுவிவிடும் கோப்பு) யார் அனுப்பினாலும் திறக்காதீர்கள், சித்தப்பா அனுப்பினாலும். அவர் போன் ஏற்கெனவே போயிருக்கலாம்.

நிதியமைச்சரே முதலீடு செய்யச் சொல்லும் வீடியோ?

போலி. நிர்மலா சீதாராமன், இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, சச்சின் டெண்டுல்கர் என்று பலரின் முகமும் இதற்குப் பயன்பட்டுவிட்டது. 2024 நவம்பரில் தன் ஆளுநர் பெயரில் சுற்றிய வீடியோக்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. பெரும்பாலும் உண்மையான பேட்டிப் படத்தின் மேல் புதுக் குரலைப் போட்டு உதட்டை மட்டும் பொருத்துவார்கள். அதனால் பின்னணி, சேனல் சின்னம் எல்லாம் அசலாகவே இருக்கும்.

விளம்பரம் தூண்டில்தான். அதிலிருந்து வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழுவுக்குப் போவீர்கள். அங்கே ‘லாபம் வந்தது’ என்று நன்றி சொல்லும் நூறு பேரில் பலர் சாட்பாட் ஆக இருக்கலாம். போலி வர்த்தக ஆப்பில் எண் ஏறும். ஆரம்பத்தில் சின்னத் தொகையை எடுக்க விடுவார்கள். பெரிய தொகையை எடுக்கப்போனால் ‘முதலில் வரி கட்டுங்கள்’ என்பார்கள். பங்குத் தரகர் உண்மையானவரா என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் தளத்தில் பதிவு எண்ணைத் தேடுங்கள். பதிவு பெற்ற நிறுவனங்களின் யுபிஐ முகவரியில் 2025 அக்டோபர் முதல் ‘@வேலிட்’ என்பதும் வங்கிப் பெயரும் சேர்ந்து வரும். தனிநபர் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

காதல் வலையும் இதே தொழில்தான். 2024 அக்டோபரில் ஹாங்காங் போலீஸ் 27 பேரைக் கைது செய்தது. வீடியோ காலில் முகத்தை மாற்றிப் பெண்களாகப் பேசி 4.6 கோடி அமெரிக்க டாலர் சுருட்டிய கும்பல். ஏமாந்தவர்களில் இந்தியர்களும் உண்டு.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ கூட ஏஐ வேலையா?

பெரும்பாலும் இல்லை. போலீஸ் என்று சொல்லி வீடியோ காலிலேயே ‘கைது’ செய்து வைத்துப் பணம் பறிப்பதுதான் இது. சீருடை, பின்னால் ஒரு திரைச்சீலை, போலி ஆணை, மணிக்கணக்கில் மிரட்டப் பயிற்சி பெற்ற ஆட்கள். ஏஐ இல்லாமலே நன்றாக ஓடும் தொழில் அது. எதற்கெடுத்தாலும் ஏஐ என்று சொல்வதில் ஒரு தீங்கு இருக்கிறது: “இவ்வளவு பெரிய தொழில்நுட்பத்தை நாம் என்ன செய்ய முடியும்?” என்ற அலுப்பு வந்துவிடுகிறது. இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. வைத்துவிடுங்கள்.

என் முகத்தைத் திருடி வங்கிக் கணக்கு திறக்க முடியுமா?

முயல்கிறார்கள். 2024 பிப்ரவரியில் குரூப்-ஐபி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் ‘கோல்டுபிக்காக்ஸ்’ என்ற தீநிரலைக் கண்டுபிடித்தது. தாய்லாந்தில் அரசு ஓய்வூதிய ஆப் என்று நம்பவைத்து, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டவும் தலையசைக்கவும் சொல்லி வீடியோ எடுத்துக்கொண்டது, அடையாள அட்டையையும் படமெடுத்தது. அங்கே 50,000 பாட் (தாய்லாந்து நாணயம்) தொகைக்கு மேல் அனுப்ப முகச் சரிபார்ப்பு கட்டாயமான பிறகு வந்தது இது.

நம் ஊரில் செய்யக்கூடியவை: ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழி, முக அடையாளம்) பூட்டி வையுங்கள், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். ஆனால் இது ஆதார் வழிச் சரிபார்ப்பைத்தான் தடுக்கும். வங்கியின் வீடியோ கேஒய்சி-க்கு (வீடியோ காலில் அடையாளம் சரிபார்ப்பது) இந்தப் பூட்டு பொருந்தாது. அதனால் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். கடன் அறிக்கையை வருடம் ஒருமுறை இலவசமாக வாங்குங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் தர வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பிரித்து வாங்கினால் வருடம் முழுக்கக் கண்காணித்த மாதிரி ஆகும்.

சாட்பாட்கள் வைரஸ் எழுதித் தருமா?

நேராகக் கேட்டால் மறுக்கும். சுற்றி வளைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானின் கவாசாகியைச் சேர்ந்த 25 வயது இளைஞர், ஐடி பின்புலம் இல்லாதவர், ஏஐ கருவிகளிடம் துண்டு துண்டாகக் கேட்டு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மீட்புப்பண வைரஸ் (ரான்சம்வேர்) தயாரித்ததற்காக 2024-ல் கைதாகி, தண்டனையும் பெற்றார். 2023-ல் கட்டுப்பாடில்லாத சாட்பாட் என்று ‘வார்ம்ஜிபிடி’ விற்பனைக்கு வந்தது. ஜிபிடி-ஜே என்ற திறந்த மாதிரியை வைத்துச் செய்தது. சில மாதங்களில் கடையைக் கட்டியது. அதே பெயரில் பிறகு வந்தவற்றில் பல, திருடர்களையே ஏமாற்றும் சரக்கு.

கவலைப்பட வேண்டியது வேறு. 2025 ஆகஸ்டில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட அறிக்கைப்படி, ஒரு குற்றவாளி நிரல் எழுத உதவும் அதன் க்ளாட் கோட் கருவியை வைத்துக் குறைந்தது 17 அமைப்புகளின் தரவைத் திருடி மிரட்டியிருக்கிறார். கேட்ட தொகை சில இடங்களில் 5 லட்சம் டாலருக்கு மேல். எதைத் திருடுவது, எவ்வளவு கேட்பது, மிரட்டல் கடிதம் எப்படி எழுதுவது எல்லாவற்றுக்கும் கருவியின் துணை இருந்தது. முன்பு ஒரு குழு செய்த வேலை. அதே ஆண்டு நவம்பரில், சீன அரசு ஆதரவு பெற்றதாக அந்த நிறுவனம் சொல்லும் குழு ஒன்று சுமார் 30 இடங்களைக் குறிவைத்ததும் வெளியானது. அதில் ஒரு வேடிக்கை: ஏஐ சில இடங்களில் வேலை செய்யாத கடவுச்சொற்களைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமை அடித்துக்கொண்டது.

செய்திகளையும் கொஞ்சம் ஆறப்போட்டு நம்புங்கள். 2025 ஆகஸ்டில் ‘முதல் ஏஐ ரான்சம்வேர்’ என்று பரபரப்பான ‘பிராம்ப்ட்லாக்’, நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் சோதனை நிரல் என்று தெரிந்தது.

தற்காப்பு பழையதுதான்: உடனுக்குடன் அப்டேட், இணையத்தோடு தொடர்பில்லாத ஒரு பேக்கப், எஸ்எம்எஸ் ஓடிபி-க்குப் பதில் பாஸ்கீ (கடவுச்சொல் இல்லாமல் போனின் பூட்டைத் திறந்தே உள்நுழையும் முறை).

என் படத்தை ஆபாசமாக மாற்றி மிரட்டுகிறார்கள்.

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நிறுத்த மாட்டார்கள், விலையை ஏற்றுவார்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எண்ணும் சுயவிவர முகவரியும் தெரிய வேண்டும். படம் வெளியாகியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். செயற்கையாக மாற்றிய அந்தரங்கப் படங்களை, சம்பந்தப்பட்டவர் புகார் தந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ன் தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகளே சொல்லியிருந்தன; 2026 பிப்ரவரித் திருத்தம் அந்தக் கெடுவை 2 மணி நேரமாகக் குறைத்தது. ‘ஸ்டாப்என்சிஐஐ’ தளத்தில் உங்கள் போனிலேயே படத்திலிருந்து ஒரு எண் அடையாளம் தயாராகும். படம் போனை விட்டுப் போகாது, அந்த எண்ணை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை பதிவேற்றத்தைத் தடுக்கும். 18 வயதுக்குள் இருந்தால் ‘டேக் இட் டவுன்’ என்ற தளம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு: “நீ ஏன் போட்டோ போட்டே?” என்ற கேள்வியை இப்போது கேட்க வேண்டாம்.

பணம் போய்விட்டது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

1930-ஐ அழையுங்கள். லைன் கிடைக்காவிட்டால் ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ தளத்தில் நேரடியாகப் பதியுங்கள், விட்டு விட்டு 1930-ஐயும் முயலுங்கள். கையில் தயாராக இருக்க வேண்டியவை: உங்கள் வங்கிக் கணக்கு எண், போன தொகை, தேதி, நேரம், யுபிஐ-யின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், பெற்றவரின் யுபிஐ முகவரி அல்லது கணக்கு எண். பலர் திணறுவது இந்த 12 இலக்கத்தில். கூகுள் பேயில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் யுபிஐ பரிவர்த்தனை எண் என்ற இடத்தில் இருக்கும். அதற்குக் கீழே எழுத்தும் எண்ணும் கலந்து வருவது கூகுளின் சொந்த எண், அது உதவாது.

புகார் பதிவானதும் அந்தத் தகவல் பணம் போன வங்கிக்குப் போகும். கணக்கில் மிச்சமிருக்கும் தொகை முடக்கப்படும். அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்கும் தகவல் போகும். ஒவ்வொரு தாவலுக்கும் நேரம் பிடிக்கும் என்பதால்தான் முதல் மணி நேரத்தை இவ்வளவு வற்புறுத்துகிறோம். ஒப்புகை எண் எஸ்எம்எஸ்-ல் வரும், அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் தளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும். பலர் போன் செய்ததோடு விட்டுவிடுகிறார்கள்.

கூடவே வங்கிக்கும் அழைத்துக் கணக்கை, கார்டை, யுபிஐ-யை நிறுத்துங்கள். மோசடிக்காரனை பிளாக் செய்யாதீர்கள், உரையாடலை ஏற்றுமதி செய்து வையுங்கள். குரல் ஏஐ-யா, மிமிக்ரியா என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். ஒரு வாரம் கழித்து “பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு” என்று யாராவது வந்தால் அது இரண்டாவது மோசடி. ஏமாந்தவர்கள் பட்டியலும் விற்பனைக்கு வரும்.

வங்கி பணத்தைத் திருப்பித் தருமா?

இங்கேதான் பலருக்கு ஏமாற்றம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, உங்களுக்குத் தெரியாமல் மூன்றாம் ஆள் எடுத்திருந்து, வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டமில்லை. நாலு முதல் ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்புவரை உங்கள் தலையில். ஆனால் மகன் குரலை நம்பி நீங்களே யுபிஐ பின் எண்ணைப் போட்டு அனுப்பியது இந்தக் கணக்கில் வராது. நீங்கள் புகார் சொன்ன பிறகு போகும் தொகைக்குத்தான் வங்கி பொறுப்பு. ஆகவே புகார் சொன்ன நேரத்துக்கு ஆதாரம் வேண்டும். போனில் சொன்னால் புகார் எண் வாங்குங்கள், மெயிலும் அனுப்புங்கள்.

முடக்கிய பணம் தானாக வராது. பெரும்பாலும் எஃப்ஐஆர் அல்லது புகார் ஒப்புகையோடு, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு ஆணை வாங்க வேண்டும். சில ஊர்களில் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) வழியாகவும் முடிக்கிறார்கள். எந்த வங்கியில் எவ்வளவு முடங்கியிருக்கிறது என்ற விவரத்தை விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மனுவில் அது இல்லாமல் நகராது.

எந்தச் சட்டப் பிரிவுகள்?

ஏஐ-க்கென்று தனிக் குற்றப் பிரிவு தேவைப்படவில்லை. கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி ஐடி சட்டம் 66டி: 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அடையாளத் திருட்டு 66சி. ஆபாசப் படம் 67, 67ஏ, குழந்தை என்றால் 67பி-யும் போக்சோவும். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதல் 318, ஆள்மாறாட்டம் 319. ஸ்கிரீன்ஷாட்டை நீதிமன்றத்தில் வைக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ன் கீழ் சான்றிதழ் வேண்டும், அதனால் அசல் பதிவு உள்ள போனை விற்றுவிடாதீர்கள், ரீசெட்டும் செய்யாதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிறோம். யாரை அழைப்பது?

சிங்கப்பூரில் சந்தேகம் கேட்க ஸ்கேம்ஷீல்டு எண் 1799, பணம் போயிருந்தால் முதலில் வங்கி, பிறகு போலீஸ். மலேசியாவில் 997. ஊரிலுள்ள அப்பாவின் கணக்கிலிருந்து பணம் போனது என்றால் இந்த எண்களில் பயனில்லை. அவரோ உள்ளூரில் இருக்கும் உறவினரோ இந்தியாவிலிருந்து 1930-ஐ அழைக்க வேண்டும். நீங்கள் வெளிநாட்டிலிருந்தபடியே தளத்தில் புகாரைப் பதிய நினைத்தால், உள்நுழையும் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். அப்பாவின் போன் அவர் கையில் இருக்கும்போது லைனில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.